யாருக்கும் சொல்லக்கூடாத மெயில்

– கதவைச் சாத்திட்டு உட்காருங்கக்கா. ரிசல்ட் வாங்க வந்தவங்க சத்தம் இந்தக் கம்ப்யூட்டர் ரூம் வரைக்கும் கேக்குது.

– கேக்காம என்ன பண்ணும் தம்பி? காலையில ரத்தம் குடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் வந்து ரிசல்ட் வாங்கிக்குங்கன்னு ரிசப்ஷன்ல உட்கார்ந்து நான்தான சொல்லி அனுப்புனேன். இப்ப கம்ப்யூட்டர் படுத்துடுச்சுன்னா விடுவாங்களா? ஒருத்தர், "அப்ப ரத்தத்தையாவது திருப்பிக் குடும்மா"ங்கிறாரு.

– திருட்டுப் பசங்க உள்ள புகுந்து பழைய ரிசல்ட் எல்லாத்தையும் பூட்டிட்டானுங்கக்கா, திறக்க முடியல. இன்னைக்கு எடுத்ததை மட்டும் மெஷினைப் பார்த்துக் கையால எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்கேன். ஆனா உங்களைக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. என்ன நடந்துச்சுன்னு முதலாளியம்மா வீட்டுக்குக் கிளம்புறதுக்குள்ள நான் எழுதிக் குடுக்கணும்.

– அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே. ஸ்டோர் ஐயாதான் காலையில வந்த மெயில்ல இருந்த நம்பருக்குப் போன் பண்ணுனாரு. பாவம், மவுசைத் தொட்டாக் கடிச்சிரும்ங்கிற மாதிரி பயந்து பயந்து தொடுற மனுஷன்.

– அந்த மெயில் உங்களுக்கும் வந்துச்சா?

– எல்லாருக்கும்தான் வந்திருக்கும்.

– உங்களைக் கேக்குறேன்.

– வந்துச்சு. பார்த்ததுமே பொய்னு தெரிஞ்சுது.

– எப்படி?

– எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உதவிக்கு உடனே இந்த நம்பரில் கூப்பிடவும், தாமதித்தால் எல்லாம் அழிந்துவிடும்." வைரஸ் வந்தா பக்கத்து ரூம்ல இருக்குற நீங்க எழுந்து வந்து சத்தம் போடுவீங்க. முகம் தெரியாத ஒருத்தனுக்கு என் கம்ப்யூட்டர் மேல என்ன அவ்வளவு பாசம்? அனுப்புன அட்ரஸைப் பார்த்தேன். பெரிய கம்பெனி பேரு, பின்னாடியே வாலு மாதிரி என்னென்னமோ எழுத்து. அவசரப்படுத்துறவன்தான் திருடன்னு நீங்கதான சொன்னீங்க?

– சொன்னேன்.

– அப்புறம் என்ன, உங்க பாடத்துல நான் பாஸ்.

– பாஸ் பண்ணிட்டு என்ன செஞ்சீங்க?

– அழிச்சிட்டு ரசீது போடுற வேலையைப் பார்த்தேன்.

– பக்கத்துல யாருக்கும் சொல்லலியா?

– இதை நீங்க கேக்குறீங்களா தம்பி? நீங்களா?

– ஏன்க்கா?

– நல்லா இருக்கே! ஆள் வச்சு இதே மாதிரி பொய் மெயில் அனுப்பி எங்களுக்குப் பரீட்சை வைக்கிறது யாரு? ஏமாந்தவங்க பேரை, தூண்டில்ல மாட்டுன மீன் படத்தோட போர்டுல ஒட்டுறது யாரு? ரத்தம் எடுக்குற பொண்ணு பேரு ஒரு வாரம் அங்க தொங்குச்சு. அந்த வாரம் பூரா அது பின்வாசல் வழியாத்தான் வந்து போச்சு தம்பி, நான் பார்த்தேன். அதைச் சகிக்க முடியாமத்தான் அடுத்த தடவை மெயில் வந்ததும், "யாரும் தொடாதீங்க, இது பொய்"னு ஹால்ல நின்னு கத்துனேன். நீங்க என்ன சொன்னீங்க?

– பரீட்சையைக் கெடுத்துட்டீங்கன்னு சொன்னேன்.

– சொன்னதோட விட்டீங்களா? முதலாளியம்மாகிட்டப் போட்டுக் குடுத்தீங்க. எனக்கு மெமோ வந்துச்சு. இனிமே இந்த மாதிரி மெயில் வந்தா யாரும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. இன்னைக்கு வந்ததும் உங்க பரீட்சைதான்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டேன்.

– அப்ப தப்பு அந்த உத்தரவுலதான் இருக்கு. உங்க மேல இல்ல.

– இருங்க. நான் இன்னும் முடிக்கல.

– சொல்லுங்க.

– ஸ்டோர் ஐயா என்கிட்ட வந்து கேட்டாரு.

– என்ன கேட்டாரு?

– கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே கவுன்டர் முன்னால வந்து நின்னாரு. "அம்மா, என் கம்ப்யூட்டர்ல ஏதோ வைரஸாம், போன் பண்ணச் சொல்றாங்க, பண்ணட்டுமா?"ன்னு கேட்டாரு. "வேணாம் ஐயா"ன்னு சொன்னா முடிஞ்சுது. அது என் வாயில வரல தம்பி. "எனக்குத் தெரியாதுங்க, உங்களுக்கு எப்படித் தோணுதோ செய்யுங்க"ன்னேன். சிரிச்சேன் வேற.

– எதுக்குச் சிரிச்சீங்க?

– நாளைக்கு மீன் இவருதான்னு நினைச்சுச் சிரிச்சேன். அவரு என் முகத்தைப் பார்த்தாரு. இந்தம்மாவே சிரிக்குது, அப்ப பயப்பட ஒண்ணும் இல்லன்னு நினைச்சிருப்பாரு. தலையாட்டிட்டுப் போனாரு. என் சிரிப்பை நம்பித்தான் அந்தப் போனைப் போட்டாரு.

– அழாதீங்கக்கா. இதை வேற யாருக்காவது சொன்னீங்களா?

– இனிமேதான். இப்ப மாடிக்குப் போய் முதலாளியம்மாகிட்டச் சொல்லப் போறேன்.

– வேணாம்.

– ஏன் வேணாம்? இன்னையோட அவரை வீட்டுக்கு அனுப்புறாங்க. அவர் வீட்டம்மாவுக்கு மாசாமாசம் சுகர் பார்க்குறதே இங்கதான், வேலை பார்க்குறவர் குடும்பம்னு சும்மா பார்க்குறாங்க. அதுவும் சேர்ந்து போகுது. நான் போய் ரசீது போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?

– நீங்க சொன்னா உங்க வேலையும் போகும், அவ்வளவுதான். போறது ஒரு ஆளோட போகட்டுமேக்கா. நான் அப்படியே எழுதிக் குடுத்துடுறேன்.

– என்ன பேச்சு இது? நீங்க இப்படிப் பேசுற ஆளு இல்லையே. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? இந்த ரூம் ஏசியில எனக்குப் பல்லு கிட்டுது.

– காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. யாரோ தட்டுறாங்க. யாரு? ஐயாவா, வாங்க.

– தொந்தரவு பண்றேன் தம்பி. ஸ்டோர் சாவியை உங்ககிட்டக் குடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. அட, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா அம்மா? எதுக்குக் கண்ணு கலங்கியிருக்கு?

– ஐயா, நான் மாடிக்குப் போறேன். போன் பண்றதுக்கு முன்னாடி நீங்க என்கிட்ட வந்து கேட்டீங்கன்னு சொல்லப் போறேன்.

– வேணாம்மா. யாரையாவது கேட்டீங்களான்னு முதலாளியம்மா என்னைக் கேட்டாங்க. யாரையும் கேக்கலன்னு சொல்லிட்டேன்.

– பொய்யா? கம்பெனி பேனாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாக்கூட ஆண்டவன் பார்ப்பான்னு சொல்ற நீங்களா?

– அவன் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தான். இதுக்குக் கோவிச்சுக்க மாட்டான்னு தோணுச்சும்மா. உங்க புள்ளைங்க ரெண்டும் படிச்சுக்கிட்டு இருக்கு. போன்ல பேசுனது என் வாய்தான? அந்தப் பையன் அவ்வளவு மரியாதையாப் பேசுனான். "பதறாதீங்க ஐயா, நான் பார்த்துக்குறேன்"னான். கம்ப்யூட்டர்ல ஏதோ ஒண்ணை இறக்கச் சொன்னான். எனக்குப் புரியலன்னு சொல்லச் சொல்ல, திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தான். இங்க எனக்கு யாரும் அவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுத்ததில்ல பாருங்க, நம்பிட்டேன். அப்புறம் மவுசு தானா நகர ஆரம்பிச்சுது. நான் அவனுக்கு, "நல்லா இருப்பா"ன்னு வாழ்த்து வேற சொன்னேன்.

– இப்பவாவது அவனை நாலு வார்த்தை திட்டுங்க ஐயா.

– சொன்ன வாழ்த்தைத் திருப்பி வாங்க மனசு வரலம்மா. அதனாலயாவது அவனுக்கு நல்ல புத்தி வரட்டும். தம்பி, உங்களுக்குத்தான் பெரிய சங்கடம் பண்ணிட்டேன். முதலாளியம்மாகிட்ட அதையும் சொன்னேன். அந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல, அந்த மெயில் மட்டும் அவர் கண்ணுல பட்டிருந்தா ஓடி வந்து என் கையைப் பிடிச்சிருப்பாருன்னேன். இந்தாங்க சாவி. பெரிய ஃபிரிட்ஜ் கதவு ஒழுங்காச் சாத்தாது, முழங்கையால ஒரு தள்ளு தள்ளணும். இல்லேன்னா சாம்பிள் எல்லாம் வீணாப் போயிடும்.

– சாவியை நீங்களே வச்சிருங்க ஐயா.

– ஏன் தம்பி?

– அக்கா, நீங்களும் உட்காருங்க. மாடிக்கு நான்தான் போகணும்.

– நீங்க எதுக்குப் போகணும்?

– பரீட்சை மெயில் என்னைக்கு வரும்னு அதை அனுப்புற கம்பெனிக்காரங்க எனக்கும் சொல்ல மாட்டாங்க. இன்னைக்குக் காலையில உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி எனக்குத்தான் அந்தத் திருட்டு மெயில் வந்துச்சு. நானும் பரீட்சைன்னுதான் நினைச்சேன். பார்த்தேன், பேசாம உட்கார்ந்திருந்தேன்.

– தம்பி...

– நீங்க போனை எடுத்ததை இந்த ரூம் கண்ணாடிச் சுவர் வழியா நான் பார்த்தேன் ஐயா. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள, போர்டுல ஒட்டுறதுக்கு உங்க பேரை டைப் அடிச்சு முடிச்சிருந்தேன்.