சாம்பல் நிறக் கட்டத்தில் குடியிருப்பவள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, நான் பேசத் தொடங்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்ட நகர்மன்றத் தலைவர் அவர்களே, நிலவரைபடத் துறையின் அலுவலர் அவர்களே, அவர் பக்கத்தில் கணினியைக் காவல் காத்து அமர்ந்திருக்கும் நில அளவைப் பெண்ணே, முதல் வரிசையில் முதுகு வளையாமல் வீற்றிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் அடுப்பங்கரைக் கவலைகளை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் இளைஞர்களே, தனியாக வந்து, இருபுறமும் ஒவ்வொரு நாற்காலி காலியாக இருக்க, தனியாகவே உட்கார்ந்திருப்பவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கடைசியாகச் சொன்னவர்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். நான் அவர்கள் கட்சி.

எனக்குத் தந்திருக்கும் பணி வாழ்த்துரை. இன்னும் சிறிது நேரத்தில் தலைவர் அவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார். நம் நகரின் புவிசார் தரவுக் கட்டமைப்பு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படும். பெயர் நீளம், பொருள் எளிது. நம் நகரின் படத்தை ஒரு கண்ணாடித் தாளில் வரைந்துகொள்ளுங்கள். அதன்மேல் தண்ணீர்க் குழாய்களை வரைந்த இன்னொரு கண்ணாடி. அதன்மேல் மின்கம்பிகள். அதன்மேல் வீட்டு வரி, குப்பை வண்டி, மரம், மண், மழை. எல்லாக் கண்ணாடிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து பாருங்கள். அதுதான் இது.

நல்ல காரியமா? நல்ல காரியம். மேடு எது, பள்ளம் எது, மழைநீர் எந்த வழியில் ஓடும், எந்த வழியில் தேங்கும் என்று தெரியாமல் எத்தனை கட்டடம் கட்டினோம், எத்தனை முறை முழங்கால் தண்ணீரில் நின்றோம்? நிலம் அறியாமல் நிர்வாகம் உண்டா? நீர் அறியாமல் நிலம் உண்டா? நாளைய பிள்ளைகளுக்கு நாலு மரமும் நல்ல தண்ணீரும் மிச்சம் வைக்க வேண்டுமானால், இன்று நம்மிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத்தானே வேண்டும்? ஆகவே வாழ்த்துகிறேன். மனமார வாழ்த்துகிறேன்.

தலைவர் கைதட்டத் தயாராகிறார். பொறுங்கள் ஐயா, இன்னும் முடிக்கவில்லை.

நான் படித்தது கன்னியர் மடத்துப் பள்ளி. நிலவரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போது ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டால், அன்னையார் வந்து மர அடிக்கோலால் அந்த இடத்தைத் தட்டுவார். “இது பாலைவனமா, உன் சோம்பேறித்தனமா?” என்பார். நம் புதிய வரைபடத்தில் பச்சை உண்டு, நீலம் உண்டு, மஞ்சள் உண்டு. சாம்பல் நிறமும் உண்டு. சாம்பல் நிறம் என்றால் ஆளில்லாத வீடு, பயன்பாடற்ற மனை. அப்படிப்பட்ட மனைகளை எடுத்து, மழைநீர் உறிஞ்சும் குளங்களும் சிறு பூங்காக்களும் அமைக்கத் திட்டம். அருமையான திட்டம்.

அந்தச் சாம்பல் நிறக் கட்டங்களில் ஒன்றில் நான் குடியிருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், சில நாள் கழித்து.

ஒரு காலை, என் சுற்றுச்சுவருக்கு வெளியே பெயிண்ட் டப்பா உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், இதோ இங்கே தலை குனிந்துகொள்கிறாளே, இந்தப் பெண்தான், என் சுவரில் சிவப்பில் ஓர் எண் எழுதிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா எழுதறே என் சுவத்துல?” என்றேன்.

தூரிகையைக் கீழே போட்டுவிட்டாள். “அம்மா, நீங்க எப்படி உள்ளேருந்து வர்றீங்க?”

“வீட்டுக்குள்ள இருக்கறவ வேற எங்கேருந்து வருவா?”

“இல்லம்மா. சிஸ்டத்துல இந்த வீட்ல யாருமே இல்லைன்னு இருக்கு.”

“அப்போ நான் யாரு?”

கையிலிருந்த திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். “தெரியலம்மா” என்றாள்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நீ தலை நிமிர்ந்து உட்காரம்மா. உன்மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையைச் சொன்னால், உன்னிடம் பேசியபோது என் குரல் கரகரத்தது. தொண்டை வலியால் அல்ல. மூன்று நாளாக நான் யாரிடமும் பேசவில்லை, குரல் துருப்பிடித்திருந்தது.

மறுநாள் இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு நிலவரைபட அலுவலகத்துக்குப் போனேன். இங்கே அமர்ந்திருக்கும் அலுவலர் அவர்கள் மரியாதையோடு நாற்காலி போட்டார். பெரிய திரையில் எங்கள் தெருவைக் கொண்டுவந்தார். பக்கத்து வீடு மஞ்சள். எதிர்வீடு மஞ்சள். நடுவில் பல் விழுந்த வாய்போல என் வீடு மட்டும் சாம்பல்.

“மேடம், உங்க வீட்ல தண்ணி மீட்டர் சுழலவே இல்லை. பூஜ்யம்” என்றார்.

சுழலாது. என் கணவர் மழைநீர்த் தொட்டி கட்டியவர். கூரையில் விழும் ஒரு சொட்டு வீணாகாது. எனக்கு அதுவே போதும்.

“கரண்டும் பூஜ்யம்.”

ஆம். மாடியில் சூரியத் தகடு வைத்தவரும் அவரே. இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு வானொலி. ஒரு கிழவிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

“குப்பை வண்டிக்கு உங்க வீட்லேருந்து குப்பையே வரலை.”

காய்கறித் தோல் செடிக்குப் போகிறது. தாளை மடித்து வைக்கிறேன். வேறு என்ன குப்பை என்னிடம்?

“வீட்டு உரிமையாளரும்…” என்று தொடங்கி, நல்ல மனிதர், நிறுத்திக்கொண்டார். மீதியை நானே சொன்னேன். “இறந்துட்டார். நீங்க சொல்லலாம், எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான்.”

அன்பர்களே, கவனியுங்கள். தண்ணீர் பூஜ்யம் என்பது உண்மை. மின்சாரம் பூஜ்யம் என்பது உண்மை. குப்பை இல்லை என்பது உண்மை. என் கணவர் இல்லை என்பதும், ஐயோ, உண்மை. நான்கு துறைகள், நான்கு கண்ணாடிகள். ஒன்றில்கூடப் பொய்யில்லை. நான்கு உண்மைகளும் ஒன்றுகூடி ஒரு பொய்யைப் பெற்றெடுத்தன. நீரைச் சேமி என்றீர்கள், சேமித்தேன். மின்சாரத்தைக் குறை என்றீர்கள், குறைத்தேன். மண்ணை மாசுபடுத்தாதே என்றீர்கள், ஒரு பிடி மாசும் செய்யவில்லை. நீங்கள் சொன்ன அத்தனையையும் அட்சரம் பிசகாமல் செய்தவளுக்கு என்ன பெயர் கொடுத்தீர்கள்? இல்லாதவள் என்று.

கைதட்டாதீர்கள். எனக்கு வேகம் குறைகிறது.

அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். “நீங்க யாருன்னு கேக்கல மேடம். அந்த வீட்ல இருக்கீங்களான்னுதான் கேள்வி. அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் வந்து ஆமான்னு சொன்னா போதும்” என்றார்.

ரெண்டு பேர். எவ்வளவு சின்ன எண். உங்களில் பலர் ஜன்னலைத் திறந்து குரல் கொடுத்தால் பத்துப் பேர் வருவார்கள். எனக்கு ரெண்டு பேர் வேண்டும் என்றதும், வீடு திரும்பும் வழியெல்லாம் முகங்களை நினைத்துப் பார்த்தேன். தெரிந்த முகங்களில் பாதி புகைப்படத்தில் இருந்தது. மீதி தொலைபேசியில் இருந்தது.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரப் பெண். ஜன்னலோரம் மிஷின் போட்டு, நாள் முழுக்க தெருவைப் பார்த்தபடி தைப்பவள். அவளிடம் போனேன்.

“வாங்கம்மா. ரவிக்கை தைக்கணுமா?” என்றாள்.

“இல்லை. எதிர்வீட்ல நான் இருக்கேன்னு நீ சொல்லணும்.”

ஊசியில் நூல் கோத்தபடியே யோசித்தாள். “தப்பா நினைக்காதீங்கம்மா. அந்த வீட்ல விளக்கு எரிஞ்சு நான் பார்த்ததே இல்லை. பார்க்காததை எப்படிப் பார்த்தேன்னு சொல்றது?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தவறேது? நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நான் புழங்குவது பின்கட்டில், முன்கூடத்தைத் திறப்பதில்லை. அங்கே இரண்டு நாற்காலிகள் எதிரெதிராக இருக்கின்றன. ஒன்றில் உட்கார்ந்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருக்கும்.

“அப்போ நாளைக்கு வந்து பாரு” என்றேன். வந்தாள். முன்கூடத்துக் கதவைத் திறந்தேன், கீல் முனகியது. அவள் வீட்டையெல்லாம் சுற்றிப் பார்த்தாள். சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தட்டையும் ஒரு தம்ளரையும் பார்த்தாள். “ஆள் இருக்காங்க” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில், என்னைக் கேட்காமலே, சாய்ந்து உட்கார்ந்து, “காத்து நல்லா வருதும்மா இங்க” என்றாள்.

எந்த நாற்காலி என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

ஒரு சாட்சி ஆயிற்று. இரண்டாவது?

என் பக்கத்து வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவர். கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் என் பின்வாசலை அடைத்துக்கொண்டுதான் வண்டியை நிறுத்தக் கற்றுக்கொள்வார்கள். எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். அவர் ஹாரன் அடிப்பார். நான் ஜன்னலை அடிப்பேன். இதோ, மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம், ஐயா. நீங்கள் எழுந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு வழி மறையும். அது உங்களுக்குப் பழக்கம்தான்.

அவரிடம் நான் போகவில்லை. செத்தாலும் போயிருக்க மாட்டேன். விஷயத்தைத் தையல்காரப் பெண் சொல்லி, அவராகவே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நான் அங்கே இருக்கும்போதே வந்தார். “இந்த அம்மா அந்த வீட்ல இருக்காங்களா?” என்று அலுவலர் கேட்டார்.

“இருக்காங்களாவா? நல்லா கேட்டீங்க சார். இவங்க இல்லைன்னா நான் நிம்மதியா இருந்திருப்பேனே. போன வாரம்கூட என் ஸ்டூடன்ட் ஒருத்தனை அழ வெச்சுட்டாங்க.”

அலுவலகமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“விடியக்காலைல பின்கட்டுக் கதவு திறக்கும். அப்புறம் இருமுவாங்க. அப்புறம் ரேடியோ. ஒருநாள் இருமல் சத்தம் கேக்கலைன்னா, என் சம்சாரம் அடுப்பை அணைச்சுட்டு செவுத்துக்கிட்ட போய் நிப்பா. ‘என்னங்க, இன்னும் சத்தம் காணோமே’ம்பா. கேட்டப்புறம்தான் மறுபடி அடுப்பைப் பத்த வெப்பா. எழுதிக்கோங்க சார், இருக்காங்க.”

சபையோரே, செயற்கைக்கோள் என்னைப் பார்க்கவில்லை. டிரோன் என் கூரைமேல் பறந்தும் என்னைப் பார்க்கவில்லை. நான்கு துறைகளின் நான்கு கண்களுக்கும் நான் தெரியவில்லை. நான் எதிரி என்று எண்ணிய வீட்டில், நான் ஒரு வார்த்தை பேசியறியாத ஒரு பெண், சுவரில் காது வைத்து என் இருமலுக்காகக் காத்திருந்தாள். அன்றிரவு இருமல் வந்தபோது, எனக்கு அதை அடக்க மனம் வரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் வாழ்த்துரையும் முடிந்திருக்கும். முடியவில்லை. “உங்க திருத்தம் அடுத்த பதிப்புலதான் ஏறும் மேடம். இப்ப ரெடியா இருக்கறது அப்படியே வெளியாகும்” என்றார் அலுவலர். அதாவது, இன்னும் சற்று நேரத்தில் தலைவர் பொத்தானை அழுத்தும்போது, என் வீடு சாம்பலாகவே வெளியாகும். அந்தப் பட்டியல் அப்படியே குளம் வெட்டும் குழுவுக்குப் போகும். என்னைப்போல எத்தனை கட்டம் என்று கேட்டேன். நிறைய என்றார்.

“எல்லார் கதவையும் தட்டினீங்களா?”

“டிரோன் போச்சே மேடம்.”

“டிரோன் கதவைத் தட்டுமா?”

திரையை அணைத்துவிட்டார். அடுத்த வாரம் என்னை வாழ்த்துரைக்கு அழைத்தார்கள். ஒருத்தியின் வாயை அடைக்க அவளை மேடையில் ஏற்றுவது பழைய வழி, நல்ல வழி. ஆனால் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்திருக்கக் கூடாது.

எனக்காக மட்டும் நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு சாட்சி கிடைத்தது. கிடைக்காதவர் கதி என்ன? பகலில் தூங்கி இரவில் வேலைக்குப் போகிற தாதி இருப்பாள். மாதக்கணக்கில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிற தகப்பன் இருப்பான். குறைவாகப் புழங்குவது குற்றமா? சத்தமில்லாமல் வாழ்வது சாவா? வரைபடத்துக்கு வானத்தில் கண் இருக்கிறது. தரையில் கால் வேண்டாமா? அடுக்கடுக்காகத் தகவல் இருக்கிறது. அதன் அடியில் ஒரு மனித விரல், கதவைத் தட்டுகிற ஒரே ஒரு விரல், வேண்டாமா?

தலைவர் அவர்களே, இந்தப் பொத்தானை அழுத்துங்கள். பச்சையை வெளியிடுங்கள், நீலத்தை வெளியிடுங்கள், மஞ்சளை வெளியிடுங்கள். சாம்பலை மட்டும் நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு சாம்பல் கட்டத்தின் வாசலிலும் ஒருவர் போய் நின்றுவிட்டு வரும்வரை நிறுத்திவையுங்கள். சம்மதமா?

தலையை அசைத்தால் போதாது ஐயா. பின்வரிசைக்குத் தெரியாது. இந்த ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

‘சரி’ என்கிறார். எல்லாரும் கேட்டீர்கள். அலுவலர் அவர்களும் கேட்டார். அளவைப் பெண்ணே, நீயும் கேட்டாய். அந்த அடுக்கை இப்போதே, என் கண்முன்னால், எடுத்துவிடு. எடுத்துவிட்டாயா? நல்லது.

நாளை முதல் வாசல் வாசலாகப் போகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டியதும் திரும்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பவர் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, நமக்கு யார் வரப் போகிறார்கள் என்று ஒருகணம் சந்தேகப்பட்டு, பிறகுதான் வருவார். அதுவரை நில்லுங்கள்.

நின்று கேட்ட உங்களுக்கும், உட்கார்ந்து கேட்ட உங்களுக்கும், இந்த இருமலைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.