ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா

— அதுக்காக, பாத்திரம் துடைக்கிற துணியக் கொடியில கட்டி, மூணு பக்கமும் லைட் போட்டு நிறுத்தணுமா?

— அது இப்போ துணி இல்ல. மாடல்.

— மாடலா.

— நூல் மில்காரங்க என்ன கேட்டாங்க? அவங்க ஆபீஸ்ல ஒரு சுவர் முழுக்க ஒரே படம். கிட்டப் போய்ப் பாத்தா ஒவ்வொரு நூலும் தெரியணும். என் பழைய கேமரா அதுக்குத் தாங்காது. சென்சார் பெருசா இருக்கிற ரகம் வேணும், மீடியம் ஃபார்மட். வாடகைக்கு ரெண்டு கொண்டாந்திருக்கேன். எத வாங்கிறதுன்னு நாளைக்குள்ள முடிவு பண்ணணும். வீட்டுல நூல் நல்லாத் தெரியற துணின்னு தேடினா, இதுதான் கிடைச்சுது.

— நான் காலையில இருந்து கண்ணாடிக்கடையில நின்னு, ஊர்ல உள்ள கண்ணெல்லாம் பாத்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தா கை துடைக்க ஒரு துணி இல்ல. இருந்ததும் மாடலாப் போயிடுச்சு.

— என் சட்டையில துடைச்சுக்க. இன்னிக்கி நான் அதுக்கு மட்டும்தான் லாயக்கு.

— ஏன், என்ன ஆச்சு?

— முடிவே வரமாட்டேங்குது. இதோ இது செங்கல் கனம். ரெண்டு படம் எடுத்தா, மூணாவதுக்குத் தோள்பட்டை லீவு கேக்குது. அது லேசு. ஆனா அதோட மெனுக்குள்ள போனா, பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் ரூமைத் தேடுற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கேன். மத்தியானம் தேதி மாத்தப் போய் மொழிய மாத்திட்டேன். இப்போ அது எந்த மொழியில பேசுதுன்னு அதுக்கே தெரியாது.

— இவ்வளவுதானே? லேசா இருக்கிறத வாங்குங்க. மொழியக் கத்துக்கலாம்.

— கேமரா கிடக்கட்டும். லென்ஸுலதான் கூத்து. இதுக்கு எம்பது எம்.எம்., அதுக்கு நூத்திப்பத்து எம்.எம்., அப்புறம் கிட்டத்துல எடுக்க ஆளுக்கொண்ணு. நாலையும் மாத்தி மாத்தி மாட்டிட்டேன். நெட்ல பாத்தா ஒருத்தன் இதத் தெய்வம்ங்கிறான், இன்னொருத்தன் அதத் தெய்வம்ங்கிறான். எனக்கு ஒரு தெய்வமும் வரம் தரல.

— என்ன குறை?

— எல்லாமே மங்கல்.

— நாலுமா?

— நாலும். நம்ம முகராசி அப்படி.

— நகருங்க, நான் பாக்குறேன். எந்தப் படம் எதுல எடுத்ததுன்னு சொல்லாதீங்க. முதல்ல ஒண்ணக் காட்டுங்க.

— இந்தா. முழுசாப் பெருசாக்கிட்டேன். மேல மாவு தூவின மாதிரி இல்ல?

— எங்க? எனக்கு நூல் நூலாத் தெரியுது. இந்த ஓரத்துல ஒரு இழை பிரிஞ்சு நிக்குது. அதுல வெள்ளையா என்னவோ ஒட்டியிருக்கு.

— அது துணியோட டிசைனா இருக்கும்.

— சோப்புங்க. சரியா அலசல. நேத்து துவைச்சது நீங்க.

— நூறு மெகாபிக்சல்ல என் மானம் போகணும்னு இருக்கு.

— ரெண்டாவதக் காட்டுங்க... ம். இப்போ சொல்லுங்க. ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?

— கடையில கேக்கிற கேள்விய வீட்டுல கேக்காத.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஒண்ணா, ரெண்டா?

— ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் மங்கல்தான்.

— இல்லைங்க. ரெண்டும் கத்தி மாதிரி இருக்கு.

— நீ லென்ஸப் பத்தி நல்லது சொல்லிச் சொல்லிப் பழகினவ. வர்றவங்ககிட்ட எல்லாம் 'இது உங்களுக்கு எடுப்பா இருக்கு'ங்கிறவ.

— அது ஃப்ரேமுக்குச் சொல்றது. லென்ஸுக்குப் பொய் சொன்னா ஆள் படியில தடுக்கி விழுந்துருவான். சரி, எத்தன நாளா உங்களுக்கு லென்ஸெல்லாம் மங்கலா அமையுது?

— அது ஆச்சு, ரெண்டு வருஷம். முதல்ல அந்த அம்பது. மங்கலா இருக்குன்னு உன் தம்பி தலையில கட்டினேன்ல.

— அவன் அதுல எடுக்கிற படத்தையெல்லாம் எனக்கு அனுப்புறானே. குருவி இறகுல ஒவ்வொரு மயிரும் தெரியுது.

— அவன் கம்ப்யூட்டர்ல ஏதோ தில்லுமுல்லு பண்றான்னு நினைச்சேன்.

— அவனுக்குக் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணவே தெரியாது. அப்புறம்?

— அப்புறம் ஒரு எம்பத்தஞ்சு. அதக் கடையிலயே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் என்ன ஒரு மாதிரி பாத்தாரு. எனக்கு அவரு மூஞ்சியும் மங்கலாத்தான் தெரிஞ்சுது, அதனால வெக்கப்படல.

— விளையாடாதீங்க. அப்புறம்?

— அப்புறம்தான் நம்ம ஸ்டூடியோப் பங்காளி வாங்கிட்டு வந்த நூத்திப்பத்து.

— ஓ.

— அத விடு.

— விட்டாச்சு. எழுந்திருங்க. வலது கண்ணக் கையால மூடுங்க. அமுக்காம. சுவர்க் காலண்டர்ல என்ன தேதி?

— பதினேழு. இல்ல, பதினொண்ணு. காலண்டர்காரன் இப்பல்லாம் சரியா அச்சடிக்கிறதில்ல.

— இடது கண்ண மூடுங்க. இப்போ?

— இப்போ காலண்டர் இருக்கு.

— தேதி?

— காலண்டர் இருக்குன்னு சொல்றேன்ல. அதுக்கு மேல கேக்காத.

— படம் எடுக்கிறப்போ எந்தக் கண்ண வச்சுப் பாப்பீங்க?

— வலதுதான்.

— ஜன்னல்கிட்ட வாங்க. தெருவிளக்கு எரியுது பாருங்க. எப்படி இருக்கு?

— அழகா இருக்கு. சுத்தி வளையம், அதுக்கு வெளியில லேசா ஒரு கலரு.

— அந்த வளையம் எத்தன நாளா இருக்கு?

— விளக்குன்னா வளையம் இருக்கும்ல?

— இல்லைங்க. எங்களுக்கெல்லாம் விளக்குன்னா விளக்குதான்.

— அப்படியா? அந்த எஃபெக்ட்டுக்கு ஃபில்டர் தனியா விக்கிறாங்க. எனக்கு மட்டும் இலவசமா வருதேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

— அசையாம நில்லுங்க. டார்ச் அடிக்கிறேன், மூக்க மட்டும் பாருங்க. என் மூக்க... ம்.

— அந்த 'ம்' எனக்குப் பிடிக்கல.

— புரைங்க. ரெண்டு கண்ணுலயும் இருக்கு. வலதுல அதிகம்.

— புரைன்னா, வயசானவங்களுக்கு வருமே, அதா?

— அதேதான்.

— அவங்களுக்கெல்லாம் என்ன வயசு இருக்கும்?

— உங்க வயசு இருக்கும்.

— நீ கொஞ்சம் பொய் சொல்லலாம். ஃப்ரேமுக்குச் சொல்ற அளவுக்காவது.

— போன வருஷம் கடைக்கு வாங்க, பவர் பாக்கலாம்னு கூப்பிட்டேன். 'என் கண்ணு கழுகுக் கண்ணு'ன்னீங்க. நானும் சரி, கழுகாச்சேன்னு விட்டுட்டேன். நானும் ஒரு கண்ணாடிக்காரி. வெளியில சொன்னா ஒருத்தரும் கடைக்கு வரமாட்டாங்க.

— இதுக்கு என்ன பண்ணுவாங்க? மருந்தா?

— சின்ன ஆபரேஷன். உள்ள இருக்கிற லென்ஸ எடுத்துட்டுப் புது லென்ஸ் வைப்பாங்க.

— லென்ஸா? அதுல எத்தன ரகம் இருக்கு?

— தூரம் மட்டும் தெரியறது இருக்கு. தூரம், கிட்டம் ரெண்டும் தெரியறது இருக்கு. டாக்டர் சொல்லுவாரு.

— ரெண்டும் தெரியறதுல ஓரத்துல மங்கல் வருமா? ரிவ்யூ எங்கயாவது போட்டிருப்பாங்களே.

— கம்ப்யூட்டர மூடுங்க.

— சும்மா ஒரு தடவை ஒப்பிட்டு...

— மூடுங்கன்னு சொன்னேன். கேமராக்காரங்களுக்குச் சொல்லி வாடகைய நீட்டிக்கலாம். நூல் மில்லுக்கு நான் பேசுறேன். நாளைக்கிக் காலையில கண் ஆஸ்பத்திரி... என்னங்க? ஏன் உக்காந்துட்டீங்க? பயமா இருக்கா?

— பயமெல்லாம் இல்ல.

— பின்ன?

— பங்காளி. நான் அவன என்ன சொன்னேன்னு உனக்கு முழுசாத் தெரியாது. ஸ்டூடியோவுல கஸ்டமருங்க இருந்தாங்க, லைட் பாய்ஸ் இருந்தாங்க. அந்த நூத்திப்பத்த அவன்தான் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தான். சின்னப் புள்ள மாதிரி அவ்வளவு சந்தோஷம். ஊசி மாதிரி இருக்குடா, பாருடான்னான். நான் பாத்தேன். மங்கலா இருந்துச்சு. இல்லடா, நல்லாப் பாருன்னான். அப்போ சொன்னேன், 'குருடன் வாங்கிட்டு வந்த லென்ஸ கண்ணு இருக்கிறவன் தலையில கட்டாத'ன்னு.

— ஐயோ.

— அத்தன பேர் முன்னாடி. நான் சொல்றேன், கண்ணு இருக்கிறவன்னு. எவன் எதப் பேசணும்னு ஒரு விவஸ்தை வேண்டாம்?

— அண்ணன் அதுக்கு என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லல. சாவிய மேஜை மேல வச்சான். லென்ஸப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். வாலிபத்துல இருந்து ஒரே ஸ்டூடியோ. வாசல் போர்டுல அவன் பேரு இன்னும் இருக்கு. ஏணி போட்டு ஏறி அழிக்க எனக்கு மனசு வரல. சோம்பேறித்தனம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— போன் பண்ணுங்க.

— எடுக்கமாட்டான்.

— எடுக்கலன்னா அது அவரு பாடு. பண்றது உங்க பாடு.

— என்னன்னு ஆரம்பிக்கிறது?

— மங்கல் லென்ஸுல இல்ல, என்கிட்டதான்னு ஆரம்பிங்க.

— நீயே சொல்லிடேன். உன் வாயால சொன்னா டாக்டர் சர்டிபிகேட் மாதிரி இருக்கும்.

— திட்டுனது என் வாயா? பிடிங்க போனை. எழுத்து தெரியலன்னா சொல்லுங்க, நான் தேடித் தரேன்.

— அவன் நம்பருக்குக் கண்ணு வேண்டாம், விரலுக்கே தெரியும். ஸ்பீக்கர்ல போடுறேன். நான் உளறினா பக்கத்துல இருந்து கிள்ளு... போகுது. மணி அடிக்குது. எடுக்கமாட்டான், சொன்னேன்ல.

— ஹலோ.

— பேசுங்க. எடுத்துட்டாரு.

— பங்காளி. நான்தான்.

— தெரியுது, மாப்ள. உன் பேருதான் வருது போன்ல. நானே கூப்பிடணும்னு ஒரு வாரமா எடுத்து எடுத்து வைக்கிறேன்.

— நீ ஒண்ணும் பேசாத. நான் முதல்ல சொல்லிடுறேன்.

— இல்ல மாப்ள, நான் சொல்ல வேண்டியது ஒண்ணு...

— கேளுடா. அன்னிக்கி உன்ன எல்லார் முன்னாடியும் குருடன்னேன். அது நான்தாண்டா. ரெண்டு கண்ணுலயும் புரை. இப்பதான் இவ டார்ச் அடிச்சுப் பாத்துச் சொன்னா. லென்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல, உன் மேலயும் இல்ல. காலண்டர்ல தேதி தெரியாதவன் உனக்கு லென்ஸ் பாத்துச் சொன்னேன். மன்னிச்சுரு. ஸ்டூடியோவுக்கு வா. வந்து நீயும் என்ன நாலு பேர் முன்னாடி திட்டு. நானே ஆள் கூட்டி வைக்கிறேன். பங்காளி? இருக்கியா?

— இருக்கேன். உனக்கும் வந்துடுச்சா?

— உனக்குமான்னா?

— எனக்குப் போன மாசம்தான் ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆச்சு, மாப்ள. பார்வை தெளிஞ்சதும் முதல் வேலையா அந்த நூத்திப்பத்துலதான் படம் எடுத்துப் பாத்தேன். புரைக் கண்ணோட பாத்துட்டு ஊசி மாதிரி இருக்குன்னு உன்கிட்ட அடிச்சுச் சத்தியம் பண்ணேனே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உனக்குப் போன் பண்றதுன்னுதான் தவிச்சுக்கிட்டு இருந்தேன். நீ சொன்னதுதாண்டா சரி, அது படு மங்கல்.