இரண்டாம் காற்று

தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்று நம்புகிறவன் நான், ஐயா. பாய்லர் கட்டுப்பாட்டு அறையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். ஒரு நாள்கூடக் கதவை அறைந்து சாத்தியதில்லை.

ஆலைக் குடியிருப்பின் கடைசி வீடு என் தங்கையுடையது. அவள் படுக்கிற அறைச் சுவருக்கு அப்பால்தான் பாய்லருக்குக் காற்றூதும் அந்தப் பெரிய விசிறி. குழந்தை வயிற்றிலேயே தவறிப்போனதிலிருந்து, கண்ணை மூடினால் அவளுக்கு அந்த இரைச்சல்தான். "ஒரு மணி நேரம் தூங்கினாப் போதும்ணா" என்றாள். அதைக் கேட்டும் சும்மா இருப்பவன் அண்ணனா?

எங்கள் பாய்லரில் மணலும் கரியும், கீழிருந்து வரும் காற்றில், கொதிக்கிற தண்ணீர்போலப் புரளும். அந்தக் காற்றில் கரி அரைகுறையாகத்தான் எரியும். மிச்ச வாயு மேலே ஏறும்போது பக்கத்துத் துளைகள் வழியே இரண்டாம் காற்று பாய்ந்து அதை எரித்து முடிக்கும். விசிறி அந்தக் காற்றுக்குத்தான். குறைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஏறும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகைபோக்கி வழியே போய்விடும் என்று தினமும் மதியம் இரண்டு மணி நேரம் குறைத்தேன். அலாரம் கத்தியது, அதன் எல்லையை உயர்த்தி வைத்தேன். தங்கை தூங்கினாள். கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அவள் கணவர் அதே பாய்லரில் பழுது பார்க்கிறவர். புகைபோக்கிக்குப் போகும் குழாயின் இணைப்பொன்றில் கசிவு. மூன்று நாளாக அதன் பக்கத்திலேயே வேலை.

"உங்க சாமி அவளுக்குத் தூக்கத்தைக் குடுத்துட்டு எனக்குத் தலைவலியக் குடுத்திருச்சு மச்சான். வீட்ல ஒரே குறட்டை" என்று சிரித்தார்.

அந்தத் தலைவலி எதனால் என்று எனக்குத் தெரியும். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தண்ணீரும் நானே ஊற்றிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் இரண்டேகால் மணிக்கு வாக்கிடாக்கியில் வந்தார். "மேல ஏறுறேன் மச்சான். காலு என்னமோ துணி மாதிரி துவளுது."

மீட்டரைப் பார்த்தேன். காற்றைக் கூட்ட ஒரு பொத்தான். என் விரல் அதன்மேல்தான் இருந்தது. அவள் அப்போதுதான் கண் அயர்ந்திருப்பாள்.

"பாத்து ஏறுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அரை மணி கழித்து அவர் உடலைத் தூக்கி வந்தார்கள். முகத்தில் வலியே இல்லை. அதுவும் ஒரு கருணைதான். நாலு மணிவரை தங்கையை யாரும் எழுப்ப நான் விடவில்லை.

இப்போது விசாரணைக்காகப் பாய்லரை நிறுத்திவிட்டீர்கள். ஊசி விழுந்தால் கேட்கும். ஆனாலும் அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருக்கிறாளாம். அந்தப் பக்கம் போனால் சொல்லுங்கள், ஐயா: அண்ணன் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டான், இனி நிம்மதியாகத் தூங்கச் சொன்னான் என்று.