பதினேழாம் தொட்டியில் இரும்பு

"ஹலோ... பின்சார் மச்சானா? நான்தான், மங்காசி... ஆமா, ஆமா, ஆலையிலருந்துதான்... உங்க தொட்டிதான். பதினேழு."

"முதல்ல கேளுங்க. வடிக்கிற அலுமினியத்துல இரும்பு ஏறுது. லேப் சீட்டு வந்திருக்கு... மூணு மடங்கு... கத்தாதீங்க. தொட்டிக்கு அடியில கேத்தோடு கரிக்கட்டை விரிசல் விட்டிருக்கு, உருகின உலோகம் இறங்கி அதுக்குள்ள மின்சாரம் கடத்தற இரும்புச் சட்டத்தைக் கரைக்குதுங்கறாரு மேனேஜர். ரெண்டு மணிக்கு நிறுத்தப் போறாரு."

மறுமுனையில் ஜகார்த்தா. தான் வடிவமைத்த கேத்தோடை எல்லாத் தொட்டிகளிலும் வைக்கச் சொல்லி மேலிடத்தைக் கேட்கப் போயிருந்தார் பின்சார். மங்காசி அந்தத் தொட்டியின் ஃபோர்மேன். பின்சாரின் மனைவிக்குத் தம்பி.

"தெரியும் மச்சான்... மூணு வருஷ உழைப்பு, ஆமா... மத்ததுல வெறும் இரும்புச் சட்டம், உங்களுதுல மட்டும் சட்டத்துக்கு நடுவுல செம்பு. தெரியும், போன மாசம் கல்யாண வீட்டுல மணமக்களுக்கு உலோஸ் துணி போர்த்தறப்பகூட அதைத்தானே சொன்னீங்க... அதான் சொல்றேன், கரிக்கட்டை மேல தப்பில்ல. நிறுத்த வேணாம்னு மேனேஜருக்குப் போன் போடுங்க."

"...எப்படித் தெரியுமா? ...சும்மா, தோணுது..."

மங்காசி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"...அக்காகிட்ட சொல்லக் கூடாது. நேத்து என் கடப்பாரை தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு... பெருசுதான்... அந்த இரும்புதான் கரையுது... எங்கயும் எழுதல. ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கைக் கடிதம், மூணாவது வந்தா வீட்டுக்குத்தான்... ஆமா, முட்டாள்தான்... ஆமா, ஆமா, அதுவும்தான். மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. என் வேலை போனா போகுது, உங்க தொட்டி பிழைக்கட்டும்."

"...அழாதீங்க மச்சான்... என்ன, செம்பா? சீட்டுல செம்பு எவ்வளவா? இருங்க, மடிச்சு வச்சிருக்கேன்... இரும்பு... சிலிக்கான்... செம்பு. அதுவும் ஏறியிருக்கு. நல்லாவே."

"...ஹலோ? ...கடப்பாரையில செம்பா? அது எப்படி இருக்கும், வெறும் இரும்புதானே... ஓ. உங்க சட்டத்துக்கு நடுவுல இருக்கற செம்பு."

சீட்டை இன்னொரு முறை பார்த்தான். எண் மாறவில்லை.

"...அடி உடைஞ்சு கொட்டிடுமா? ...தொட்டிக்குக் கீழயா? ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணும் ஆகாது, உக்காந்து சாப்பிடுங்கன்னு நான்தான்... சரி, சரி, ஓடறேன்... இப்பவே நிறுத்தச் சொல்றேன், சரி... மச்சான், ஒரு நிமிஷம். அந்தக் கடப்பாரை விஷயம்... இனிமே மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதில்லல்ல? ...ஹலோ? ...மச்சான்?"