மருந்து அலமாரியின் பூட்டை அறுத்தது பற்றி

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்தெட்டு. காய்கறிச் சந்தைக்குப் பின்புறச் சந்தில் மாடியில் குடியிருக்கிறேன், கீழே என் வெல்டிங் பட்டறை. பத்தாம் வகுப்பு படித்திருக்கிறேன், அதை மட்டும் இரண்டு வருடம் படித்தேன். ஆஸ்பத்திரி லேபில் கிருமிச் சோதனை செய்யும் அம்மா (லேப் அம்மா என்போம்) மருந்து அலமாரியின் பூட்டை உடைத்ததாக ஸ்டோர் கீப்பர் கொடுத்த புகாரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

எனக்கு ஒரே மகள், வயது பத்தொன்பது. சென்ற மாதம் பட்டறையில் தகட்டு விளிம்பு பட்டு அவள் கெண்டைக்காலில் வெட்டுக்காயம் ஏற்பட்டது. தெருவில் எனக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். வீட்டில் யாருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டு, மீதியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன். அக்கம்பக்கத்தாரும் தங்கள் மீதியைக் கொண்டுவந்து போடுவார்கள், வேண்டியபோது எடுத்துக்கொள்வார்கள். அந்த டப்பாவிலிருந்து நான்கு மாத்திரை கொடுத்தேன். வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டேன், கொஞ்சம் பெருமையும் பட்டேன். அதன் பிறகு மறுபடி வீங்கவே, வேறு நிறத்தில் மூன்று கொடுத்தேன். அதன் பிறகு மருந்துக் கடையில் நானே பெயர் சொல்லி வாங்கி இரண்டு நாள் கொடுத்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்று என் மனைவி சொன்னதற்கு, "அங்க போனாலும் இதத்தாண்டி குடுப்பாங்க" என்றேன். பன்னிரண்டாம் நாள் சீழ் பிடித்து, குளிர் ஜுரத்தில் கட்டிலோடு சேர்ந்து ஆடினாள். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே இரண்டு வகை ஊசி போட்டும் ஜுரம் இறங்கவில்லை. காயத்திலிருந்து சீழ் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு லேப் அம்மா தானே வார்டுக்கு வந்து, இதற்கு முன் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். என் மகள் கண்ணைத் திறக்காமலே, "அப்பா, டப்பாவச் சொல்லுப்பா" என்றாள். வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். அந்த அம்மா திட்டவில்லை. ஒவ்வொரு அட்டையாகப் பெயர் பார்த்து எழுதிக்கொண்டு, "எங்க ஸ்டோர்லகூட இத்தனை தினுசு இல்லீங்க" என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை லேபுக்குக் கூப்பிட்டு ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். அதில் கிருமி பாலாடை மாதிரி படர்ந்திருந்தது. அதன்மேல் பொட்டு அளவில் பன்னிரண்டு காகிதத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் துண்டைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவாக ஒரு வளையம் விழுமாம். பதினொன்றில் வளையமே இல்லை. நான் கொடுத்த மருந்துகள் எவை என்று கேட்டேன், காட்டினார். அவற்றின்மேல் கிருமி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. "மருந்து மழுங்கிடுச்சாம்மா?" என்றேன். "மருந்து அப்படியேதாங்க இருக்கு, கிருமிதான் தேறிடுச்சு. நீங்க பாதியில நிறுத்த நிறுத்த, சாகாம மிஞ்சினதுதான் பெருகியிருக்கு" என்றார். பன்னிரண்டாவதில் மட்டும் வளையம் இருந்தது. தப்பாக இருந்துவிடக் கூடாதென்று அதே சோதனையை இரண்டாம் முறையும் செய்து பார்த்ததாகச் சொன்னார். மணி மூன்று, அவருடைய சாப்பாட்டு டப்பா ஜன்னலில் திறக்காமல் இருந்தது.

அந்தப் பன்னிரண்டாவது மருந்து தனி அலமாரியில் பூட்டியிருந்தது. கண்டவர்களுக்கும் கொடுத்தால் அதற்கும் கிருமி தேறிவிடும் என்று சண்டை போட்டுப் பூட்டு வாங்கி மாட்டவைத்ததே லேப் அம்மாதான் என்று நர்ஸ் சொன்னார். சாவி ஸ்டோர் கீப்பரிடம், அவர் வெளியூரில், போன் அணைத்திருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பூட்டைத் திறக்க அனுமதி கேட்டு லேப் அம்மா பெரிய டாக்டருக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் பட்டறைக்கு ஓடி, இரும்பு அறுக்கும் கை மெஷினை எடுத்து வந்தேன். லேப் அம்மா அலமாரிக்கு முன்னால் வந்து நின்று, "வேண்டாங்க, அஞ்சு நிமிஷம் பொறுங்க, பெரிய டாக்டர் போன எடுத்துடுவாரு" என்றார். நான் பொறுக்கவில்லை. அவரை நகர்த்திவிட்டு அறுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மட்டமான பூட்டு.

அதன் பிறகு அந்த அம்மா என்னைப் பார்க்காமல், டாக்டர் சீட்டில் இருந்த அளவு மட்டும் மருந்து எடுத்து, யாருக்கு, எத்தனை, எந்த நேரம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "உங்க கையெழுத்து வேணாம்மா, நான் திருடினேன்னு சொல்லிக்கிறேன்" என்றேன். "யாருக்குப் போச்சுன்னு எழுதாம விட்டா, அப்புறம் இதப் பூட்டி வெச்சு என்ன பிரயோசனம்?" என்றார். அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது அவருக்கு எதிராகக் காட்டுகிறார்கள்.

நான்காம் நாள் ஜுரம் விட்டு, மகள் எழுந்து உட்கார்ந்து செல்போன் கேட்டாள். வீட்டுக்குக் கூட்டிப் போகலாமே என்று அப்போதும் ஒரு நொடி நினைத்தேன். லேப் அம்மா, "கடைசி ஊசிக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனீங்க, நானே உங்க பட்டறைக்கு வந்து நிப்பேன்" என்றார். பத்து நாளும் போட்டு முடித்தோம். கால் இருக்கிறது, நடக்கிறாள்.

அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. வார்டில் எடுக்கும் சீழும் ரத்தமும் சோதனைக்கு வெளியூர் போகிறது. என் மகளுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த பாட்டிக்குச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

இங்கே வரும் வழியில் என் மச்சான், "அந்தம்மா அறுக்கச் சொல்லித்தான் அறுத்தேன்னு சொல்லுங்க மாமா, உங்களுக்கு வெறும் சாட்சியோட போயிடும்" என்றான். அவர் சொல்லவில்லை. பொறுங்கள் என்றுதான் சொன்னார். அறுத்தது நான் ஒருவன். மெஷினைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாம்.

இதை எழுதிய காவலர் முழுவதும் வாசித்துக் காட்டினார். டப்பா மாத்திரை கொடுத்ததை "கவனக்குறைவால்" என்று எழுதியிருந்தார். கவனமாகத்தான் கொடுத்தேன், "அறியாமையால்" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)