பூட்டுக் கம்பி போட்டாச்சா

வீட்டில் பைக் வேலை பார்க்க ஜாக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு, சார். முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். எஞ்சினுக்குக் கீழே இரும்புச் சட்டம் ஓடுகிறதா, சைலன்சர் குறுக்கே வருகிறதா, தரைக்கும் அதற்கும் எத்தனை விரல் இடைவெளி என்று. ஜாக் அந்த இடைவெளிக்குள் நுழைய வேண்டும். வண்டி எடையைப் போல இரண்டு மடங்காவது தாங்க வேண்டும். மேல்தட்டில் ரப்பர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். நான் இதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். அதனால்தான் கடைக்காரரை மூன்று நாளாக நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நேற்று மனுஷர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

“சோறு இறங்கல சார். உங்க பொண்ணு கால் போனதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நான் வித்த சாமான் அப்படிப் பண்ணாது சார்.”

பண்ணாதுதான். ஜாக் தானாக இறங்கிவிட்டது என்று முதல் நாள் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

என் பெண்ணுக்கு இருபத்தாறு வயசு. பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அம்மா காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஆறு வயசு. அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் பைக் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷமும் எனக்குப் பயம். வாய்வார்த்தைக்குச் சொல்லுகிற பயமில்லை. வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும் என் உள்ளங்கை நனைந்துவிடும். அவள் ஆபீசுக்கு இருபத்திரண்டு நிமிஷம். இருபத்து மூன்றாவது நிமிஷம் போன் செய்வேன். எடுக்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல். அவளுடைய ரத்த வகையை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஆம்புலன்ஸ் சத்தத்தை வைத்தே எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று சொல்லிவிடுவேன்.

“ஹெல்மெட் போடறேன், சிக்னல்ல நிக்கறேன், அறுபதுக்கு மேல போறதில்ல. இன்னும் என்னப்பா வேணும் உனக்கு?” என்பாள்.

“நீ ஒழுங்காத்தான் ஓட்டுற பாப்பா. எதிர்ல வர்றவன்?”

“அவனுக்கும் உன்னை மாதிரி ஒரு அப்பா இருப்பாரு. நிமிஷத்துக்கு ஒருதரம் போன் பண்ணுவாரு. அதை எடுக்கப்போய்த்தான் என்மேல வந்து இடிப்பான்.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அந்த ‘இடிப்பான்’ என்ற வார்த்தையோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வேறு ஊரில் வேலை கிடைத்தது. பதினாலு மணி நேரப் பயணம். பஸ்ஸில் போகலாம், ரயிலில் போகலாம். வண்டியிலேயே போகிறேன் என்றாள். போவதற்கு முன்னால் ஆயில், செயின், பிரேக் எல்லாவற்றையும் தானே பார்த்துவிட வேண்டுமாம். “ஜாக் ஒண்ணு வாங்கணும்பா, நீயும் வா” என்றாள்.

கடையில் அவள் கை வைத்தது திருகு ஜாக். கம்பியைச் சுற்றச் சுற்ற ஏறும், சுற்றச் சுற்ற இறங்கும். வீட்டுக்கு அது போதும் என்று கடைக்காரரும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

“குனிஞ்சு குனிஞ்சு திருகினா இடுப்பு ஒடிஞ்சுடும் பாப்பா. மிதிச்சா ஏறுறது இருக்கே, அதை எடு.”

“எங்கப்பா செலவு பண்றாரு, குறிச்சு வச்சுக்கோங்க” என்று அவள் கடைக்காரரிடம் சொன்னாள்.

மிதி ஜாக்கில் இரண்டு பெடல். ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் நிற்கிறது. ஏற்றியதும் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைச் செருகிப் பூட்ட வேண்டும். கடைக்காரர் இதை ஒளிக்கவில்லை. “கம்பி போடாம அடியில கைய வைக்காதீங்க. இறக்குற பெடல்ல கால் பட்டா பொத்துனு வந்துடும்” என்றார். எவ்வளவு வேகமாக என்று கேட்டேன். மேல்தட்டில் ஒரு பழைய எஞ்சினை வைத்து இறக்கிக் காட்டினார். இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். மொத்தம் மூன்று தடவை. விவரமான ஆள் என்று என்னை நினைத்திருப்பார்.

அதை வாசலில் இறக்கும்போது எதிர்வீட்டு டெய்லர், “என்ன சார், வண்டிக்குக் கட்டில் வாங்கிட்டீங்க, தொட்டில் எப்போ?” என்றார். நானும் சிரித்தேன்.

நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவன் லிஃப்டுக்கு அடியில் குழிக்குள் இறங்குவான், இன்னொருவன் மேலே இருப்பான். இறங்குகிறவன் “பூட்டியாச்சா?” என்று கேட்பான். மேலே இருப்பவன் பூட்டிவிட்டு, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “பூட்டியாச்சு” என்பான். கீழே இருப்பவன் ஏறி வந்து சரிபார்க்க மாட்டான். அந்தப் பதிலை நம்பி உள்ளே போவான். பொய்யான பதில் சொன்னவன் ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்லை.

இதை அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நான் மிதித்து ஏற்றுவேன். “பூட்டுக் கம்பி போட்டாச்சாப்பா?” என்று கேட்பாள். “போட்டாச்சு” என்பேன். அதற்கப்புறம்தான் உட்காருவாள். இடது காலை மடித்து, வலது காலை எஞ்சினுக்கு அடியில் நீட்டிக்கொண்டு. தலையும் உடம்பும் வெளியே இருக்கும். ஜாக் வாங்கி அவள் வேலை பார்த்த மூன்று நாளும் அப்படியேதான் உட்கார்ந்தாள். அதைக் கவனித்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் முடிவெடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ஆள் நானில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மறுநாள் அவள் கிளம்ப வேண்டும். செயினைக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்றாள். ஏற்றினேன்.

“கம்பி போட்டாச்சாப்பா?”

“போட்டாச்சு.”

போட மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கம்பி என் கையில் இருந்தது. கம்பி இல்லாமலும் அந்த ஜாக் நின்றிருக்கும். உங்கள் ஆட்கள் சோதித்துப் பார்த்தால் தெரியும், ஒரு மணி நேரத்தில் ஒரு நூல் அளவுகூட இறங்காது. அவள் காலை நீட்டும் வரை காத்திருந்தேன். பிறகு இறக்குகிற பெடலை மிதித்தேன். வண்டி இறங்கி, அவள் பக்கமாகவே சாய்ந்தது.

ஒரு எலும்பு முறியும், ஆறு மாசம் கட்டுப் போடுவார்கள், அந்த வேலை கைவிட்டுப் போகும், வண்டியை விற்றுவிடலாம். நான் நினைத்தது அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. ஆனால் டாக்டர் வெளியே வந்து அதைச் சொன்னபோது, உள்ளதைச் சொல்கிறேன் சார், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் உள்ளங்கை காய்ந்திருந்தது. எனக்கு உறுத்துவது ‘போட்டாச்சு’ என்ற அந்தப் பதில்தான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லை.

அவளுக்குத் தெரியும். வண்டி விழுந்த நொடியில் அவள் வண்டியைப் பார்க்கவில்லை, பெடல் மேல் இருந்த என் பாதத்தைப் பார்த்தாள். உங்களிடம் மட்டும், “தெரியல சார், இறங்கிடுச்சு” என்று சொன்னாளாம். அப்பா மேல் அவ்வளவு பாசம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ரொம்ப மாறிவிட்டாள். பகலிலும் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாள். நான் கொடுக்கிற மாத்திரையை அட்டையோடு வாங்கி, பேரை இரண்டு தடவை படிக்கிறாள். சாப்பாட்டில் நான் கை வைத்த பிறகுதான் அவள் வைக்கிறாள். நான் கதவருகே வந்தால் சக்கர நாற்காலி சுவர் வரைக்கும் பின்னால் போகிற சத்தம் கேட்கும். நான் எவ்வளவோ சொல்லியும் வராத ஜாக்கிரதை இப்போதுதான் வந்திருக்கிறது.

அவ்வளவுதான் சார். கடைக்காரரை விட்டுவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?