சுல்தான் பிடித்த நோன்பு

– அந்த வட்டிலப்பத்தை அங்கால வெய்ங்க, றவூப் நானா. சீனி வருத்தம் உள்ள பூனை இரிக்கிற வீட்டுக்கு லஞ்சமும் இனிப்பாவா கொண்டு வாறது?

– லஞ்சமில்ல கமீலா, பெருநாள் மிச்சம். சுல்தானைத் திருப்பித் தருவீங்களெண்டு தான் வந்தன்.

– தரமாட்டன். துனியாவில பூனைக்கு நோம்பு புடிக்க வெச்ச மனுஷன் நீங்க ஒருத்தர் தான். விடியமுந்திச் சஹருக்கு ஊசியப் போட்டுட்டு, பகல் முழுக்கப் பட்டினி போட்டா அது மயங்காம என்ன செய்யும்?

– ஓம், அதைத் தில்லையடி முழுக்கச் சொல்லிப்போட்டீங்க. நேத்து பள்ளியில ஹுனைஸ் கேக்கிறான், சுல்தான் தராவீஹும் தொழுதாரா எண்டு. நானும் சேந்து சிரிச்சன். வேற என்ன செய்ய?

– சொல்லாம? நோயாளிப் பூனைகளுக்கு வீடு பாத்துக் குடுக்கிறது லேசா நானா? மூத்திரத்தில கல்லுள்ளதையும் மூச்சு இழுக்கிறதையும் யாரு எடுப்பாங்க? வீடு பாத்துக் குடுக்கிறன் எண்டு தொடங்கி, இப்ப அதுகள் என்ட கட்டிலில, நான் பாயில. றோட்டில என்னைக் கண்டா ஆக்கள் அடுத்த பக்கத்தால போறாங்க, பூனையத் தலையில கட்டிருவா எண்டு. தானா வந்து கேட்டது நீங்க ஒராள் தான். எவ்வளவு நம்பித் தந்தன்.

– எனக்கும் அதே வருத்தம் தானே, தங்கச்சி. காலையில அவனுக்கு ஒரு ஊசி, எனக்கு ஒரு ஊசி. பொழுதுபட்டா மஹ்ரிபுக்கும் அப்பிடித்தான். பொஞ்சாதி ஹிதாயா மவுத்தான பொறகு அந்த வீட்டில என்னோட நேரத்துக்குச் சாப்பிட இருந்தவன் அவன் தான். அவன் இல்லாம வீட்டுக்குள்ள போக மனசே வருகுதில்ல.

– அதான் எனக்கு விளங்கல்ல. ஊசி போட்டா சாப்பிடோணும் எண்டு தெரிஞ்ச மனுஷன் எப்பிடி அந்த வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டீங்க?

– சொன்னா சிரிப்பீங்க.

– சிரிச்சிட்டுப் போறன், சொல்லுங்க. உங்கட பக்கத்து வீட்டு முபாரிஸ் ஆட்டோவில கொண்டு வந்து இறக்கி, மயங்கிட்டுது எண்டான். சுல்தானெண்டா நேரா குசினிக்குப் போய் என்ட மீனைத் திண்டான். மறைக்காமச் சொன்னா, பூனையத் தாறதைப் பத்தி யோசிப்பன்.

– டொக்டர் நோம்பு புடிக்க வேணாமெண்டவர். கொழும்பில இரிக்கிற மகள் றுஷ்னாவுக்கும் புடிக்கமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தன். புடிச்சா வந்து கையோட கூட்டிக்கொண்டு போயிருவன் எண்டவள். ஆனா ஊரே பசியோட இரிக்கக்குள்ள, இந்த வயசில கதவைச் சாத்திக்கொண்டு பாண் திண்ண எனக்கு வெட்கம்.

– நானா, நான் கேட்டது பூனையப் பத்தி.

– சுல்தான் ஒரு பகலும் பட்டினி கிடக்கல்ல. நான் நோம்போட நிண்டு அவனுக்கு மீன் அவிச்சுக் குடுத்தன். முபாரிஸை அப்பிடிப் பொய் சொல்ல வெச்சதும் நான் தான். ஆஸ்பத்திரியில நான் கிடக்கக்குள்ள அவனுக்கு ஊசி போட ஆளில்ல. குசினியில மயங்கி விழுந்தது நான், கமீலா. அவன் கதவைப் பிறாண்டிக் கத்தி முபாரிஸைக் கூப்பிட்டிராட்டி, இண்டைக்கு இந்த வட்டிலப்பத்தைக் கொண்டு வர ஆளில்ல.